வீட்டிலிருந்தே இணையவழியில் படிப்பது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நான் ஒரு கலை அறிவியல் கல்லூரியில் கணினி அறிவியல் கற்பிக்கிறேன். ஐஐடிகள் இணையத்தில் நடத்தும் என்பிடெல் பாடங்களுக்கான கல்லூரி மையத்தின் (லோக்கல் சாப்டர்) பொறுப்பும் என்னிடம்தான் இருக்கிறது. ஜனவரியிலும் ஜூலையிலும் பருவம் தொடங்கினால் மாணவர்கள், அவர்களின் அப்பா அம்மா, திருமணமாகி வெளியூர் போய்விட்ட பழைய மாணவிகள், கல்லூரிக்குச் சம்பந்தமே இல்லாத அக்கம்பக்கத்தார் என்று எல்லோரும் வருகிறார்கள். கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்விகளைத்தான். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லித் தொண்டை வற்றியதால் எழுதி வைக்கிறேன்.

இணையவழிப் படிப்பு என்றால் எல்லாம் ஒன்றுதானா?

இல்லை. மூன்றாகப் பிரித்துப் பார்த்தால் குழப்பம் பாதி தீரும்.

முதலாவது, சான்றிதழ்ப் பாடங்கள். இதில் நமக்கு நெருக்கமானது என்பிடெல். ஏழு ஐஐடிகளும் பெங்களூரு ஐஐஎஸ்சியும் சேர்ந்து 2003இல் தொடங்கியது. ஒருங்கிணைப்பது சென்னை ஐஐடி. முதலில் வெறும் பாட வீடியோக்களாக இருந்தது. தேர்வும் சான்றிதழும் 2014இல் வந்தன. 2017இல் மத்திய அரசு ஸ்வயம் என்ற இணையப் பாடத் தளத்தைத் தொடங்கிய பிறகு இந்தப் பாடங்களில் அதன் வழியாகவே சேர்கிறோம். பாடம் பார்க்கவும் அசைன்மென்ட் செய்யவும் காசு கிடையாது. தேர்வு எழுத மட்டும் ஒரு பாடத்துக்கு 1000 ரூபாய் கட்ட வேண்டும். பட்டியல் சாதி, பழங்குடி, மாற்றுத்திறனாளி மாணவர்களுக்கு அதில் பாதி. கட்டணம் மாறக்கூடியது என்பதால் அந்தந்தப் பருவத்தின் அறிவிப்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

இரண்டாவது, யூஜிசி (பல்கலைக்கழக மானியக் குழு) அனுமதியுடன் பல்கலைக்கழகங்கள் நடத்தும் இணையவழிப் பட்டப்படிப்புகள். சென்னை ஐஐடியின் நான்காண்டு இளநிலைப் பட்டமான பிஎஸ் படிப்பையும் இந்த வரிசையில் வைத்துக்கொள்ளலாம்.

மூன்றாவது, தனியார் செயலிகள். அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன். கொஞ்சம் கோபமாகவே சொல்வேன்.

வீட்டிலிருந்து படித்த பட்டம் வேலைக்குச் செல்லுமா?

செல்லும். அனுமதி பெற்ற நிறுவனம் அனுமதி பெற்ற படிப்பில் தரும் இணையவழிப் பட்டம், நேரடியாகக் கல்லூரிக்குப் போய்ப் பெற்ற பட்டத்துக்கு இணையானது என்று யூஜிசி 2022இல் தெளிவாகவே அறிவித்தது. இங்கே இரண்டு "அனுமதி" இருப்பதைக் கவனியுங்கள். பல்கலைக்கழகத்துக்கு அனுமதி இருந்தும் நீங்கள் சேரும் குறிப்பிட்ட படிப்புக்கு இல்லாமல் போகலாம். யூஜிசியின் தொலைநிலைக் கல்விப் பிரிவு தன் தளத்தில், எந்தப் பல்கலைக்கழகம் எந்த ஆண்டு எந்தப் படிப்பை நடத்தலாம் என்று பட்டியல் போடுகிறது. பணம் கட்டுவதற்கு முன் அதில் பெயரைத் தேடுங்கள். ஏஜென்ட் அனுப்பும் வண்ண வண்ணப் பிடிஎஃப்பை நம்பிச் சேராதீர்கள்.

அரசு வேலையை நினைத்துப் படிப்பவர்களுக்கு ஒன்று: டிஎன்பிஎஸ்சி பத்து, பன்னிரண்டு, பிறகு பட்டம் என்ற வரிசையைப் பார்க்கும். பன்னிரண்டாம் வகுப்பைத் தாண்டிக் குதித்து வாங்கிய பட்டம் அங்கே சிக்கலில் கொண்டுபோய் விடும்.

எல்லாப் படிப்பையும் இப்படிப் படிக்க முடியுமா?

முடியாது. மருத்துவம், செவிலியர், பொறியியல், சட்டம், வேளாண்மை, மருந்தியல், கட்டடக் கலை முதலியவற்றை இணையவழிப் பட்டமாக நடத்த யூஜிசி அனுமதிப்பதில்லை. பிஎச்டியும் கிடையாது. "ஆன்லைனில் பிஇ" என்று யாராவது சொன்னால் மேலே பேசாமல் தொலைபேசியை வைத்துவிடுங்கள்.

பையன் பன்னிரண்டாம் வகுப்பில் சுமாரான மதிப்பெண்தான். சென்னை ஐஐடி பிஎஸ் படிப்பில் ஜேஇஇ நுழைவுத் தேர்வு இல்லாமலே சேரலாம் என்கிறார்களே, உண்மையா?

உண்மை. ஆனால் வாசல் எளிது என்பதால் வீடும் எளிது என்று எண்ண வேண்டாம்.

டேட்டா சயின்ஸ் படிப்பை 2020 ஜூனில் அறிவித்தார்கள். எலக்ட்ரானிக் சிஸ்டம்ஸ் 2023இல் வந்தது. டேட்டா சயின்ஸில் சேர, பத்தாம் வகுப்பில் கணக்கும் ஆங்கிலமும் படித்து, பன்னிரண்டு முடித்திருந்தால் போதும். வயது வரம்பு இல்லை. முதலில் ஆங்கிலம், கணிதம், புள்ளியியல், கணினிச் சிந்தனை ஆகிய நான்கிலும் நான்கு வாரப் பாடம், வாரந்தோறும் அசைன்மென்ட், அதில் தேறினால் நேரில் போய் எழுதும் தகுதித் தேர்வு. அதிலும் தேறியவர்களுக்குத்தான் இடம். இடங்களுக்கு எண்ணிக்கை வரம்பு இல்லாததால் பக்கத்து வீட்டுப் பையனோடு போட்டியில்லை. பாடத்தோடுதான் போட்டி.

உள்ளே போன பிறகு ஒரு பாடத்துக்கு வாரம் 10 மணி நேரம் ஒதுக்கச் சொல்கிறார்கள். நான்கு பாடம் எடுத்தால் 40 மணி நேரம், அதாவது முழுநேர வேலை. கல்லூரிப் படிப்போடு சேர்த்து இதையும் படிக்கும் மாணவர்களுக்கு நான் சொல்வது: முதல் பருவத்தில் இரண்டு பாடம் போதும். ஒரே நேரத்தில் இரண்டு பட்டம் படிக்க 2022 முதல் யூஜிசி அனுமதிப்பதால் சட்டப்படி தடையில்லை. உடம்பும் மனசும் அனுமதிக்கின்றனவா என்பதை வீட்டில் பேசி முடிவு செய்யுங்கள்.

இந்தப் படிப்பில் எனக்குப் பிடித்தது, பாதியில் நின்றாலும் கையில் ஏதாவது மிஞ்சும் என்பதுதான். அடிப்படை நிலையை முடித்தால் சான்றிதழ், அடுத்து டிப்ளமோ, பிறகு பிஎஸ்சி, கடைசியில் நான்காண்டு பிஎஸ். குடும்ப வருமானம் குறைவாக உள்ளவர்களுக்குக் கட்டணச் சலுகை உண்டு. வருமானச் சான்றிதழை முன்கூட்டியே வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

ஆர்வமாகச் சேர்கிறேன்; மூன்றாவது வாரத்தில் நின்றுவிடுகிறது. எனக்கு மட்டும்தான் இப்படியா?

உங்களுக்கு மட்டும் இல்லை. எம்ஐடியும் ஹார்வர்டும் இணையத்தில் நடத்திய பாடங்களின் பல ஆண்டுப் பதிவுகளை ஆராய்ந்த ஒரு கட்டுரை 2019இல் சயன்ஸ் இதழில் வந்தது. 2017-18இல் சேர்ந்தவர்களில் பாடத்தை முடித்தவர்கள் 3 சதவீதம் சொச்சம். பெயர் பதிந்தவர்களில் பாதிப் பேருக்கு மேல் பாடத்துக்குள் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. ஆனால் அதே பாடங்களில் சான்றிதழுக்காகப் பணம் கட்டியவர்களில் 46 சதவீதம் பேர் முடித்திருந்தார்கள்.

பணம் கட்டியவர்கள் எல்லாம் புத்திசாலிகள் என்று இதற்கு அர்த்தம் இல்லை. முடிக்கும் எண்ணம் உள்ளவர்கள்தான் பணம் கட்டியிருப்பார்கள் என்பது ஒரு பக்கம். கட்டிய பணமும் தேர்வுத் தேதியும் பிடித்து இழுக்கும் என்பது இன்னொரு பக்கம். எங்கள் கல்லூரியில் நான் காண்பதும் இதைத்தான். "முதலில் படித்துப் பார்க்கிறேன், பிடித்தால் தேர்வுக்குக் கட்டுகிறேன்" என்பவர்கள் பெரும்பாலும் கரைந்துவிடுகிறார்கள். ஹால் டிக்கெட் வரும் என்று தெரிந்தவர்கள், முனகிக்கொண்டாவது உட்கார்கிறார்கள். அதனால் என் முதல் ஆலோசனை, தேர்வுக் கட்டணத்தைக் கட்டிவிடுங்கள்.

இரண்டாவது, சேரும் பாடங்களைக் குறையுங்கள். இலவசமாகக் கிடைக்கிறது என்று ஐந்தில் பெயர் கொடுப்பவர் ஒன்றைக்கூட முடிப்பதில்லை. என்பிடெலில் பன்னிரண்டு வாரப் பாடம் என்றால் வாரத்துக்கு இரண்டரை மணி நேர வீடியோ இருக்கும். குறிப்பெடுத்துப் பார்த்து, அசைன்மென்டும் செய்ய அதைப் போல இரண்டு மடங்கு நேரம் ஆகும். உங்கள் வாரத்தில் அந்த நேரம் எங்கே இருக்கிறது என்று காலண்டரில் காட்டிவிட்டுச் சேருங்கள் என்பேன். காட்ட முடியாமல் திரும்பிப் போனவர்களும் உண்டு.

மூன்றாவது வாரத்தில் நிற்பதற்குப் பாடத்திலும் காரணம் இருக்கிறது. முதல் இரண்டு வாரம் அறிமுகம். கணக்கோ நிரலோ கனமாகத் தொடங்குவது மூன்றில்தான். ஒரு அசைன்மென்டைத் தவறவிட்டதும் "இனிமேல் என்ன" என்று விட்டுவிடுகிறார்கள். பன்னிரண்டு அசைன்மென்டில் சிறந்த எட்டைத்தான் கணக்கில் எடுக்கிறார்கள் என்பது பலருக்குத் தெரியவே தெரியாது. நான்கு போனாலும் போகட்டும், திரும்பி வாருங்கள். அசைன்மென்டுக்கு 25, தேர்வுக்கு 75. முன்னதில் 10, பின்னதில் 30 எடுத்தால் தேர்ச்சி.

வீட்டில் இருப்பதால் நான் படிக்கிறேன் என்று யாரும் நம்புவதில்லை. கூப்பிட்டுக்கொண்டே இருக்கிறார்கள்.

என்னிடம் வரும் புகார்களில் இதுதான் அதிகம். சொல்பவர்களில் பெரும்பாலோர் பெண்கள். கல்லூரிக்குப் பஸ் ஏறிவிட்டால் பெண் படிக்கப் போயிருக்கிறாள். அதே பெண் கூடத்தில் கைபேசியோடு உட்கார்ந்திருந்தால் சும்மா இருக்கிறாள். கேஸ் சிலிண்டர் வந்தால் அவள், கூரியர் வந்தால் அவள், பாட்டிக்கு மாத்திரை கொடுக்க அவள். அண்ணன் அதே கூடத்தில் மடிக்கணினியோடு உட்கார்ந்தால் அது வேலை.

என் பழைய மாணவி ஒருத்தி, கூட்டுக் குடும்பத்தில் வாழ்க்கைப்பட்டவள், இரண்டு குழந்தைகளின் அம்மா. அவள் கண்டுபிடித்த நேரம் விடியற்காலை நாலரை. ஆறு மணிக்குக் குழாயில் தண்ணீர் வரும். அதற்குப் பிறகு அவள் நேரம் அவளுடையது இல்லை. சமையலறை மேடையில் அரிசி டின்னில் கைபேசியைச் சாய்த்து வைத்து, ஒரு காதில் மட்டும் இயர்போன் மாட்டிக்கொள்வாள். மறுகாது குழந்தை அழுதால் கேட்க. பக்கத்தில் பால் கணக்கு எழுதும் நோட்டு. முன்பக்கத்திலிருந்து பால் கணக்கு, பின்பக்கத்திலிருந்து பைத்தான் நிரல். அந்தப் பருவம் எலைட் சான்றிதழ் வாங்கினாள். அதற்குக் குறைந்தது 60 மதிப்பெண் வேண்டும்.

இதைச் சொன்னால் "பார், மனமிருந்தால் மார்க்கமுண்டு" என்கிறார்கள். எனக்கு அப்படிச் சொல்ல மனம் வரவில்லை. அவள் ஏன் நாலரை மணிக்கு எழ வேண்டியிருந்தது என்றுதான் கேட்கத் தோன்றுகிறது. ஆகவே இந்தக் கேள்விக்கான பதிலில் பாதி வீட்டாருக்கு: ஒரு நாளில் ஒன்றரை மணி நேரம், யாரும் கூப்பிடக் கூடாத நேரம் என்று பேசி முடிவு செய்யுங்கள். மற்ற பாதி படிப்பவர்களுக்கு: அந்த நேரத்தை வாயால் சொன்னால் போதாது. தேர்வுத் தேதியையும் அசைன்மென்ட் நாட்களையும் தாளில் எழுதிச் சமையலறைச் சுவரில் ஒட்டுங்கள். தேதி போட்ட எதற்கும் நம் வீடுகளில் ஒரு மரியாதை உண்டு. படிக்கும் இடமும் தினமும் ஒன்றாகவே இருக்கட்டும், அது மாடிப்படியின் கடைசிப் படியாக இருந்தாலும் சரி.

என்னிடம் கைபேசி மட்டும்தான் இருக்கிறது. மடிக்கணினி இல்லாமல் முடியுமா?

பாடத்தைப் பொறுத்தது. மொழி, வரலாறு, மேலாண்மை போன்றவற்றுக்குக் கைபேசி போதும். நிரல் எழுதும் பாடத்தைக் கைபேசியில் தொடங்கலாம், ஓரளவு ஓட்டவும் செய்யலாம். ஆனால் கட்டை விரலால் ஐம்பது வரி நிரல் தட்டுவது தண்டனை. அரசின் இலவச மடிக்கணினி வீட்டில் அண்ணனுடையதோ அக்காவுடையதோ பழையது இருந்தால், எடுத்துத் தூசி தட்டி, விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் என்ற இலவச இயங்குதளத்தைப் போட்டுப் பாருங்கள். பல நேரம் ஓடிவிடும். அதுவும் இல்லையென்றால் வாரம் இரண்டு நாள் கல்லூரி ஆய்வகத்தையோ மாவட்ட நூலகத்தையோ கேளுங்கள்.

டேட்டா சீக்கிரம் தீர்ந்துவிடுகிறது. கரண்டும் போகிறது.

வீடியோவின் தரத்தை 360க்குக் குறையுங்கள். கரும்பலகை எழுத்து தெரிந்தால் போதும், பேராசிரியரின் சட்டைப் பொத்தான் தெரிய வேண்டியதில்லை. அடுத்த மூன்று நாள் பாடங்களை வைஃபை கிடைக்கும் இடத்தில் முன்கூட்டியே இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை நாளிதழில் முன்னாலேயே வந்துவிடும். அன்று காலை ஒன்பது மணிக்குள் சார்ஜ் ஏற்றிவிட்டு, அந்தப் பகலைத் தாளில் கணக்குப் போட வைத்துக்கொள்ளுங்கள். நெடுநேரம் மின்சாரம் இல்லாவிட்டால் கோபுரத்துச் சிக்னலும் படுத்துவிடும்.

அசைன்மென்டுக்குப் பெரும்பாலும் புதன்கிழமை இரவு 11:59 கடைசி நேரம். 11:50க்குத் திறந்து உட்காரும் பழக்கம் இருந்தால், மழைக்காலத்தில் நிச்சயம் ஒன்று போகும். ஞாயிற்றுக்கிழமையே ஒருமுறை அனுப்பிவிடுங்கள். கெடுவுக்குள் எத்தனை முறை வேண்டுமானாலும் திருத்தி அனுப்பலாம், கடைசியாக அனுப்பியதையே எடுத்துக்கொள்வார்கள்.

தமிழ்வழியில் படித்தவள் நான். ஆங்கில விரிவுரை ஓடுகிற வேகத்தில் புரியவில்லை.

வேகத்தை 0.75க்குக் குறைத்து வசன வரிகளைப் போட்டுக்கொள்ளுங்கள். வகுப்பறையில் கிடைக்காத வசதி இது. "சார், இன்னொரு தடவை" என்று கை தூக்கக் கூச்சப்பட்டே மூன்று வருடத்தைக் கழித்தவர்கள் எத்தனை பேர்! என்பிடெலின் பல பாடங்களுக்கு விரிவுரையின் எழுத்துப்படி தமிழிலேயே கிடைக்கிறது. முதலில் தமிழ்ப் படியை வாசித்துவிட்டு வீடியோவைப் பாருங்கள். மொழிபெயர்ப்பு சில இடங்களில் கரடுமுரடாக இருக்கும், சிரித்துவிட்டுக் கடந்து போங்கள்.

தேர்வு ஆங்கிலத்தில் என்பதால் கலைச்சொற்களை மட்டும் ஆங்கிலத்திலேயே குறித்து வையுங்கள். ஒரு பாடத்துக்குச் சுமார் நூறு சொல் வரும். அவை பிடிபட்டுவிட்டால் மீதி ஆங்கிலம் அவ்வளவு மிரட்டாது.

சந்தேகம் வந்தால் யாரைக் கேட்பது?

ஒவ்வொரு பாடத்துக்கும் கேள்வி மன்றம் உண்டு. உதவி ஆசிரியர்கள் பதில் சொல்வார்கள், சில பாடங்களில் நேரடி இணைய வகுப்பும் நடக்கும். "ஒன்றும் புரியவில்லை சார்" என்று போட்டால் யாருக்கும் பதில் சொல்லத் தெரியாது. எத்தனையாவது விரிவுரை, எந்த நிமிடம், நீங்கள் போட்ட கணக்கு எந்த வரியில் நிற்கிறது என்று எழுதுங்கள். இதை எழுதும்போதே பாதிச் சந்தேகம் தீர்ந்துவிடும்.

அதைவிட முக்கியம், கூடப் படிக்க ஒரு ஆள். ஒரே ஒருவர் போதும். இருநூறு பேர் வாட்ஸாப் குழுவில் காலை வணக்கமும் அசைன்மென்ட் விடைகளும்தான் ஓடும். விடையைப் பார்த்து எழுதி 25க்கு 25 வாங்கிவிட்டு, தேர்வறையில் 30ஐத் தொட முடியாமல் போனவர்களை ஒவ்வொரு பருவமும் பார்க்கிறேன்.

இவ்வளவு தொல்லை சொல்கிறீர்களே, நன்மை என்று ஏதாவது உண்டா?

இல்லாவிட்டால் இந்தப் பொறுப்பை எப்போதோ கைகழுவியிருப்பேன். விடுதிச் செலவும் பஸ் கட்டணமும் இல்லை. திருப்பூரில் பகலெல்லாம் வேலை பார்ப்பவரும் கைக்குழந்தைக்காரியும் ஐஐடி பேராசிரியர் எடுக்கும் பாடத்தையே கேட்கிறார்கள். எங்கள் கல்லூரியில் அந்தப் பாடத்தை எடுக்க ஆளே கிடையாது. கல்லூரியில் படிப்பவர்களுக்கு இன்னொரு லாபம்: ஸ்வயம் பாடங்களில் பெற்ற கிரெடிட்டை (பாடத்தை முடித்ததற்கான மதிப்பு அலகு), ஒரு பருவத்தின் மொத்தப் பாடங்களில் 40 சதவீதம் வரை பட்டத்தில் சேர்த்துக்கொள்ள யூஜிசியின் 2021 விதி வழிவிடுகிறது. உங்கள் கல்லூரி அதை ஏற்றிருக்கிறதா என்று பருவத் தொடக்கத்திலேயே துறைத் தலைவரிடம் கேளுங்கள். தேர்வு முடிந்த பிறகு சான்றிதழோடு வந்து நின்றால் பயனில்லை.

ஒரு செயலியில் சேரச் சொல்லித் தினமும் போன் வருகிறது. மாதத் தவணையில் கட்டலாமாம்.

அந்தத் தவணை பெரும்பாலும் கடன். கட்டணத்தை நிதி நிறுவனம் மொத்தமாகச் செயலிக்குக் கொடுத்துவிடும்; நீங்கள் நிதி நிறுவனத்துக்குக் கட்டுவீர்கள். வகுப்பு பிடிக்காமல் நின்றாலும் தவணை நிற்காது. கடன் பெரும்பாலும் அப்பாவின் பெயரில், அவருடைய ஆதாரும் பான் எண்ணும் வைத்து எடுக்கப்பட்டிருக்கும். வங்கிக் கணக்கிலிருந்து பணம் தானாகவே எடுக்கப்படும் தானியங்கிப் பற்றுக்கு ஒப்புக்கொள்ளும்போது கவனமாக இருங்கள் என்று மத்தியக் கல்வி அமைச்சகமே 2021 டிசம்பரில் பெற்றோரை எச்சரித்தது. "இன்று இரவுக்குள் சேர்ந்தால் சலுகை" என்று யார் அவசரப்படுத்தினாலும் நாளைக்குப் பேசுங்கள். அவர்கள் நாளைக்கும் கூப்பிடுவார்கள், கவலை வேண்டாம்.

செயலி நிறுவனம் தன் பெயரில் பட்டம் தர முடியாது. பல்கலைக்கழகத்தின் கிளை போல நின்று பட்டப்படிப்பு நடத்தவும் யூஜிசி அனுமதிப்பதில்லை.

சின்னக் குழந்தைகளுக்கும் இதே முறை சரிப்படுமா?

என் கருத்தில், சரிப்படாது. கொரோனா காலத்தில் தமிழ்நாட்டில் ஒன்று முதல் எட்டாம் வகுப்பு வரை பள்ளிகள் 2020 மார்ச்சில் மூடி 2021 நவம்பர் 1 அன்றுதான் திறந்தன. கல்வித் தொலைக்காட்சி முடிந்ததைச் செய்தது. ஆனால் மூன்றாம் வகுப்புக் குழந்தைக்குப் பக்கத்தில் உட்கார ஒரு மனிதர் வேண்டும். அரசு அடுத்துக் கொண்டுவந்த இல்லம் தேடிக் கல்வியில் தன்னார்வலர்கள் மாலை நேரத்தில் தெருவிலேயே பிள்ளைகளை நேரில் உட்காரவைத்துச் சொல்லிக் கொடுத்ததன் காரணமும் அதுதான்.

கண் எரிகிறது, கழுத்து வலிக்கிறது.

இருபது நிமிடத்துக்கு ஒருமுறை இருபது அடி தள்ளி இருக்கும் எதையாவது இருபது விநாடி பாருங்கள். படுத்துக்கொண்டு பாடம் பார்க்காதீர்கள். கழுத்துக்கும் கெடுதல், தூக்கமும் வந்துவிடும். எரிச்சல் தொடர்ந்தால் கண் மருத்துவரிடம் போங்கள்.

தேர்வுக்கு வேறு ஏதாவது கவனிக்க வேண்டுமா?

இரண்டு. பாடத்தில் சேர்வது வேறு, தேர்வுக்குப் பதிவது வேறு. தேர்வுப் பதிவுக்குத் தனி விண்ணப்பம், தனிக் கட்டணம், தனிக் கடைசித் தேதி. எல்லா அசைன்மென்டும் எழுதிவிட்டு, ஹால் டிக்கெட் வரவில்லையே என்று கண்ணீரோடு வருபவர்கள் எல்லாப் பருவத்திலும் இருக்கிறார்கள். தேதி முடிந்துவிட்டால் என்னால் ஒன்றும் செய்ய முடியாது.

அடுத்தது பெயர். விண்ணப்பத்தில் எப்படி எழுதினீர்களோ அப்படியே சான்றிதழில் அச்சாகும். பிறகு மாற்றித் தர மாட்டார்கள். இனிஷியல் முன்னால் போடுவதா பின்னால் போடுவதா என்பதில் நமக்கு ஆளுக்கொரு வழக்கம், ஆதாரில் ஒன்று, மதிப்பெண் பட்டியலில் ஒன்று. பத்தாம் வகுப்பு மதிப்பெண் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு, அதில் உள்ளபடி எழுத்து எழுத்தாகப் பார்த்துத் தட்டுங்கள். தேர்வு மையத்துக்கு அச்சிட்ட ஹால் டிக்கெட்டோடு அசல் அடையாள அட்டையும் வேண்டும். கைபேசியில் படமாகக் காட்டினால் உள்ளே விட மாட்டார்கள்.